பெருநாள் உடுப்பில் ஊர் தெரிகிறதா?

கிழக்கிலங்கையின் ஏறாவூரில் பெருநாள் உடுப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கட்சி பிரிந்துவிடும். உம்மம்மாவின் சேலையும் தலையில் இழுத்துவிட்ட முக்காடும்தான் பாரம்பரியம், அபாயா அரபு நாட்டுச் சரக்கு என்பது ஒன்று. அபாயாதான் மார்க்கத்து உடுப்பு, சேலை அறியாமைக் காலத்து மிச்சம் என்பது மற்றது. உரசிப் பார்த்தால் இரண்டுமே மாற்றுக் குறைவு.

வெளிநாட்டுச் சரக்கு என்ற குற்றச்சாட்டை முதலில் எடுப்போம். 1905இல் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு நீதிமன்றத்தில் நிற்க, பிரதம நீதியரசர் லேயார்ட் அதைக் கழற்றச் சொன்னார். இலங்கை முஸ்லிம்கள் கொதித்தார்கள். டிசம்பர் 31 அன்று மருதானையில் பெருங்கூட்டம் கூடியது. அத்தனைக்கும் அந்தத் தொப்பி இங்கே பரவலானது, 1883இல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த அறபி பாஷாவின் காலத்தில்தான். இருபது சொச்சம் ஆண்டுப் பழக்கம், சமூகத்தின் மானமாகிவிட்டது. அபாயாவோ 1977க்குப் பின் வளைகுடாவுக்கு உழைக்கப் போனவர்களோடு பெருகத் தொடங்கியது. அதற்கு வயது இன்னும் கூட. துருக்கித் தொப்பி மறைந்ததற்குச் சேலைக் கட்சியில் யாரும் விசனப்படக் காணோம். பாரம்பரியத்தைச் சுமக்கும் வேலை பெண்ணின் தலைக்கு மட்டும்தான் போலும்.

மறுகட்சியும் தேறாது. மறைக்க வேண்டியதை முக்காடு மறைக்கவில்லையா? மார்க்கப் பிரசாரம் மட்டும் அபாயாவைக் கொண்டுவரவில்லை. வளைகுடாச் சம்பளம் இருந்தது. 1990 ஆகஸ்டில் இந்த ஊர் முஸ்லிம்கள் கண்ட படுகொலைக்குப் பின், தமிழரிலிருந்து நாங்கள் வேறு என்று தூரத்திலேயே காட்ட வேண்டிய நெருக்கடியும் இருந்தது. 2019 ஏப்ரலில் முகத்தை மூடுவதற்கு அரசு தடை போட்டபின், உடுப்பு சொந்த விருப்பம் என்ற அளவையும் தாண்டிவிட்டது.

உடுப்பில் ஊர் தெரிவது எப்படி என்பதற்கு வடஐரோப்பாவின் சாமி மக்களை அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம். விழாவென்றால் குடும்பமே காக்தி என்ற அங்கியில் வரும். அதன் கம்பளித் துணி பெரும்பாலும் வெளியிலிருந்து வாணிகத்தில் வந்ததுதான். ஆனால் வெட்டையும் நாடாவையும் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவார்கள்; சில இடங்களில் இடுப்புப் பட்டியின் பொத்தான் சதுரமா வட்டமா என்பது மணமானதையும் சொல்லும். அவர்களுக்கும் ஒரு கதை உண்டு. பெண்கள் அணிந்த கொம்பு வைத்த தொப்பியில் பிசாசு குடியிருக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டின் லெஸ்டாடியக் கிறிஸ்தவப் போதகர்கள் சொன்னதாகவும், அதனால் அது வழக்கொழிந்ததாகவும் சொல்வார்கள். இன்று அருங்காட்சியகத் தொப்பிகளைப் பார்த்து மறுபடி தைக்கிறார்கள்.

அந்த அளவில் நம் உம்மம்மாவின் சேலை என்ன சொல்லிற்று? ஊரைச் சொல்லவில்லை. குடும்பத்தையும் சொல்லவில்லை, அதைச் சொல்லத் தாய்வழி வரும் குடி இருந்தது. முக்காட்டை எடுத்துவிட்டால் பக்கத்துச் செங்கலடித் தமிழ்ப் பெண் உடுத்த அதே சேலைதான். அதன் மதிப்பும் அங்கேதான் இருந்தது. ஒரே கடையில் ஒரே சேலைக்கு இரண்டு ஊர்ப் பெண்கள் விலை பேசினார்கள், கரையைத் தடவிப் பார்த்தார்கள். போனது அந்தப் பொதுப் புழக்கம். சேலைக் கட்சி அதைத் தனித்துவத்தின் இழப்பு என்று தலைகீழாகப் படிக்கிறது. அபாயாக் கட்சிக்கு இழப்பே தெரியவில்லை.

ஆகவே அந்நியம் என்ற குற்றத்திலிருந்து அபாயாவை விடுவிக்கிறேன். மார்க்கத்தின் ஒரே உடுப்பு என்ற பட்டத்தைக் கொடுக்க மாட்டேன். நம்முடையதா என்று கேட்டால், இன்னும் இல்லை. காக்தியை அவர்களுடையதாக்கியது ஊசி. இங்கேயும் வீட்டுத் தையல் மெஷினில் கைவிளிம்புக்குப் பூ வைத்துத் தைக்கிற பெண்களின் கையில்தான் அந்த வழக்கு நிற்கிறது.

ஆண்கள்பாடு எளிது. பெருநாள் தொழுகை முடிந்து வந்த வாப்பா, ஜுப்பாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மருதமுனைச் சாரத்துக்கு மாறிவிடுகிறார். அதைப் பாரம்பரியம் என்று யாரும் சொல்வதில்லை.