சாலிக்கு டிஸ்க் பிரேக்: மாளிகாவத்தையில் ஒரு விதம், புதுப்பேட்டையில் ஒரு விதம்

மாளிகாவத்தையில் பழைய சாலி ஒன்றுக்கு டிஸ்க் பிரேக் போட நினைப்பவர் சாமான் தேடி அலைய வேண்டியதில்லை. மருதானைப் பக்கம் கொஞ்சம் நடந்தால் பஞ்சிகாவத்தை, கொழும்பின் பழைய வாகன உதிரிகள் குவிந்து கிடக்கும் இடம். சாலி, ஹொண்டா 1972இல் வெளியிட்ட ஜப்பானிய வண்டி. அதில் பூட்டக் கிடைக்கும் டிஸ்க்கும் கலிப்பரும் பல சமயம் இந்திய ஸ்கூட்டருடையவை. அந்த ஸ்கூட்டர் உருவான நாட்டிலோ பழைய குட்டி வண்டியில் இந்த வேலையைச் செய்பவர்கள் அரிது. கைத்திறனில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. பழைய வண்டியை எதற்காக வைத்திருக்கிறோம் என்பதில்தான் இரு நாடும் பிரிகின்றன.

இலங்கையில் அது உழைக்கிற வண்டி. சாலி, டக்ஸ், மங்கி, எம்.டி. 90 போன்றவற்றில் பல ஜப்பானில் ஓடித் தேய்ந்த பிறகு இங்கே வந்து, இரண்டாம் ஆயுளை ஓட்டுபவை. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் கையில் இருந்ததை ஓட்டத்தில் வைத்திருப்பது ஆசைக்குச் செய்யும் காரியமாக இருக்கவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சந்தைக்குப் போய், பஸ்ஸுக்கும் திரீவீலருக்கும் நடுவே திடீரென நிற்க வேண்டிய வண்டிக்கு ஐம்பது வருடத்துக் கேபிள் டிரம் பிரேக் போதாது. "நானா, இது நிக்குமா?" என்று கராஜில் கேட்பவரின் கவலை அசல் பாகம் பற்றியதல்ல.

நிற்க வைப்பது சும்மா வராது. சாலியின் சக்கரம் 10 அங்குலம்; இரண்டு தகட்டுப் பாதிகளைப் போல்ட்டில் இறுக்கிய ரிம். பல்சரில் வரும் 240 மி.மீ. டிஸ்க்கை அதில் வைத்துப் பார்த்தால் 254 மி.மீ. ரிம்மை அது ஏறக்குறைய மூடிவிடும். கலிப்பருக்கும் ஃபோர்க்குக்கும் இடம் கிடைக்காது. ஆகவே ஸ்கூட்டர் பக்கம் போக வேண்டும்: ஆக்டிவா 125இன் 190 மி.மீ., அல்லது என்டார்க்கின் 220 மி.மீ. எனக்கு 190 போதும் என்றே படுகிறது. ஆக்டிவாவை விடச் சாலி எடை குறைந்தது, சக்கரமும் சிறியது. அதே பிரேக் இதில் இன்னும் கடுமையாகக் கடிக்கும்.

பிறகு லேத் வேலை. டிஸ்க் உட்கார ஹப்பில் முகம் கடைந்து, கலிப்பருக்குக் கனமான தகட்டில் பிராக்கெட் வெட்ட வேண்டும். இந்தப் பிராக்கெட்தான் உயிர்நாடி. பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் முறுக்கு முழுவதும் அதன் வழியாகவே ஃபோர்க்குக்குப் போகிறது. பழைய ஃபோர்க் குழாயிலேயே நேராக வெல்டிங் வைத்து முடிப்பவர்களும் உண்டு. வேலை சீக்கிரம் முடியும். சூட்டில் பலமிழந்த மெல்லிய குழாய் எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. டிரம் தட்டை முன்பு தாங்கிய இடத்தையும் அச்சையும் பிடித்து நிற்கும் பிராக்கெட்தான் ஒழுங்கான வேலை.

இந்தியாவுக்கு வந்தால், குட்டி வண்டி என்றதும் பலருக்கு நினைவு வருவது ராஜ்தூத் ஜி.டி.எஸ். 175. 1973இல் வந்த 'பாபி' படத்தால் அதற்குப் 'பாபி' என்றே பெயர் நிலைத்தது. இன்று அதைத் தேடி வாங்குபவர் அதே டேங்க், அதே டிரம், அதே நிறம் வேண்டும் என்பார். சட்டமும் அவர் பக்கம். 2021இல் வந்த விதிப்படி, 50 வருடம் தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கே 'விஏ' என்ற எழுத்துகளோடு வின்டேஜ் பதிவு கிடைக்கும். தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

அப்படியிருந்தும் தமிழ்நாட்டுப் பையன்கள் டிஸ்க் போடும் பழைய வண்டி யமஹா ஆர்.எக்ஸ். 100. சென்னைப் புதுப்பேட்டையில் வேறொரு வண்டியின் ஃபோர்க், சக்கரம், கலிப்பர் மூன்றையும் செட்டாக எடுத்து, கழுத்துத் தண்டின் நீளத்தையும் பேரிங்கையும் பொருத்தி மாட்டிவிடலாம். கலிப்பருக்கான காது ஃபோர்க்கிலேயே வார்த்து வந்திருப்பதால் பிராக்கெட் தலைவலி கிடையாது. பாதுகாப்பில் அதுவே மேல் என்பேன். ஆனால் 10 அங்குலச் சக்கர வண்டியில் அப்படி முன்பாகம் முழுவதையும் மாற்றினால் மூக்கு தூக்கி நிற்கும், ஹேண்டில் குணமும் மாறும். மாளிகாவத்தை பாஸ்மார் (மெக்கானிக்குகள்) பிராக்கெட் செதுக்குவது வேறு வழியில்லாமல்தான்.

இந்த 10 அங்குலச் சக்கரத்துக்கு டிஸ்க் புதிதுமல்ல. 1962இன் லாம்பிரெட்டா டி.வி. 175 ஸ்கூட்டரிலேயே கேபிளில் இயங்கும் முன் டிஸ்க் இருந்தது. லாம்பிரெட்டாவின் இயந்திரங்களை வாங்கி லக்னோவில் தொடங்கிய அரசு நிறுவனம் உருவாக்கிய விஜய் சூப்பர் ஸ்கூட்டரோ டிரம்மோடுதான் ஓடியது.

பூட்டிய பிறகு வரும் நுணுக்க வேலை இரு கரையிலும் ஒன்றுதான். 32 மி.மீ. கலிப்பர் பிஸ்டனுக்கு 14 மி.மீ. மாஸ்டர் சிலிண்டர் போட்டால் விசை 5.2 மடங்கு, 12.7 போட்டால் 6.3, 11 போட்டால் 8.5. சிறியதைப் போட்டால் லீவர் மென்மையாகி, விரல் தூரம் கூடும். கல்லாக இறுகிய லீவரைக் கண்டு 'பிரேக் நல்லா இருக்கு' என்று மயங்குபவர்கள் இரு நாட்டிலும் உண்டு. டயல் கேஜ் வைத்து டிஸ்க்கைச் சுற்றினால் ஆட்டம் 0.3 மி.மீ. தாண்டக் கூடாது. கலிப்பர் நடுவில் உட்காராவிட்டால் மெல்லிய வாஷர் வைத்துத் தள்ள வேண்டும்.

பிரேக் எண்ணெயில் மட்டும் கொழும்புக்காரருக்குக் கொஞ்சம் கூடுதல் பொறுப்பு. புது டாட் 4 கொதிக்கக் குறைந்தது 230 பாகை வேண்டும். ஈரம் குடித்ததும் அந்த வரம்பு 155க்கு இறங்கும். சென்னையும் கடலோரம்தான், ஆனால் கொழும்பில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். உப்புக் காற்றில் கலிப்பரின் வழுக்குப் பின்னும் துருவேறி இறுகும். அப்போது ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும். வருடம் ஒருமுறை பின்னைக் கழற்றி, துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் பூசி, எண்ணெயை மாற்றி, காற்று எடுக்க வேண்டும். புதுப் பேட் என்றால் முதல் சில நாள் மெதுவாகப் பிடித்துப் பிடித்துப் பழக்கி, மழைத் தார் ரோட்டுக்கு அதன் பிறகு எடுக்கலாம். குட்டையான வண்டி என்பதால் முன் பிரேக்கை ஒரேயடியாக அமுக்கினால் பின் சக்கரம் எழும்பும். பின் டிரம்மையும் சேர்த்தே சரிசெய்து வைக்கச் சொல்லி பாஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.