வாய்க்குள் ஒளிந்த இழை: ‘காஞ்சிவரம்’ திரைப்படத்தில் உடற்சோதனையும் உள்வைப்புக் கருவிகளின் அறமும்

திறவுச்சொற்கள்: காஞ்சிவரம், உடற்சோதனை, உள்வைப்புக் கருவி, இசைவு, தனியுரிமை

பிரியதர்சன் இயக்கத்தில் 2008-ஆம் ஆண்டு வெளிவந்த ‘காஞ்சிவரம்’, நெசவாளர் வறுமையைப் பேசும் படமாகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. மகளுக்குப் பட்டுச் சேலை உடுத்தி மணம் முடிப்பதாக வாக்களித்த வேங்கடம் என்னும் நெசவாளன், வேலையிடத்திலிருந்து பட்டிழைகளை வாய்க்குள் மறைத்துக் கொண்டுவந்து, வீட்டில் யாரும் அறியாமல் சேலை நெய்கிறான். பட்டு நெய்பவனுக்குப் பட்டு இல்லை என்னும் முரணே படத்தின் மையம் என்பது பொதுவான வாசிப்பு. அது பிழையன்று. ஆயினும், இழையை மறைக்க அவன் ஏன் வாயைத் தேர்ந்தான் என்னும் வினா அவ்வாசிப்பில் எழுவதில்லை. கையும் மடியும் பிறர் கண்ணுக்கு உட்பட்டவை. சோதனைக்கு எளிதில் எட்டாதது வாய் ஒன்றே. கண்காணிப்பு தோலோடு நின்றுவிடும் காலத்தின் கதை இது.

பெரிய காஞ்சிபுரத்து நெசவுத் தெருக்களில் கண்காணிப்பின் பழைய கருவி தராசு. பட்டும் ஜரிகையும் நிறுத்துக் கொடுக்கப்படும். நெய்து முடித்த சேலை மீண்டும் நிறுக்கப்படும். கணக்குக் கேட்கப்படுவது பொருளிடம். நெய்தவன் உடலிடம் அன்று. எடை குறைந்தால் கூலியில் பிடித்தம் வரும், வசவு வரும். ஆனால் அந்த வேறுபாட்டுக்குச் சேதாரம், சாயம், ஈரம் எனப் பல விளக்கங்கள் சொல்ல இடம் உண்டு. உடலைச் சோதிக்கும்போது அந்த இடம் மறைகிறது. தமிழில் ‘மெய்’ என்னும் சொல் உடலையும் உண்மையையும் ஒருங்கே குறிக்கிறது. கண்காணிப்பவர் விரும்புவதும் இந்த ஒருமையையே: ஒருவன் வாய்மொழியை விலக்கி, அவன் உடலையே சாட்சிக்கு அழைப்பது.

இவ்விருப்பம் தமிழ்நாட்டு வரலாற்றுக்குப் புதிதன்று. குற்றப் பரம்பரைச் சட்டத்தை மக்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தனர். சட்டத்தின் நீண்ட விதிகளுள் அவர்கள் உடலால் உணர்ந்தது விரல்ரேகைப் பதிவையே என்பதற்கு இப்பெயரே சான்று. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் அப்பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் மீது காவல்துறை சுட்டதில் பதினாறு பேர் மாண்டனர். அன்று குற்றத்தின் முத்திரையாக இருந்த ரேகை இன்று நியாயவிலைக் கடையில் உரிமைக்கான சாவி. உடலுழைப்பால் ரேகை தேய்ந்தவரைக் கருவி ஏற்க மறுப்பதும் அறியப்பட்ட சிக்கலே. தறியில் தேய்ந்த விரலுக்கு அதன் சொந்தக்காரன் யார் என்பதே ஐயமாகிவிடுகிறது!

ரேகை தோலின் மேல் உள்ளது. உள்வைப்புக் கருவி அந்த எல்லையையும் கடக்கிறது. 2017-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ‘திரீ ஸ்குவேர் மார்க்கெட்’ நிறுவனத்தின் பணியாளர்கள் ஏறக்குறைய ஐம்பது பேர், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அரிசிமணி அளவுச் சில்லைப் பதித்துக்கொண்டனர். கதவு திறக்கவும் சிற்றுண்டி வாங்கவும் அது உதவும். இருக்கும் இடத்தைக் காட்டாது. விரும்பியவர் மட்டுமே ஏற்றனர் என்று விளக்கம் தரப்பட்டது. அதே மாநிலம் 2006-லேயே எவரையும் சில்லு பதித்துக்கொள்ளக் கட்டாயப்படுத்துவதைத் தடைசெய்திருந்தது. ஆக, அங்கு வற்புறுத்தலுக்குத் தடை உண்டு. இசைவுக்குத் தடை இல்லை. சிக்கல் அந்த இசைவில்தான் உள்ளது. கூலிக்கு நிற்பவன் முதலாளியிடம் ‘சரி’ என்பது எவ்வகை இசைவு?

மருத்துவக் கருவிகளில் இவ்வினா இன்னும் கூர்மையாகிறது. ஒஹாயோ மாநிலத்து மிடில்டவுனில் 2016-இல் தம் வீட்டுக்குத் தாமே தீவைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவரின் இதயமுடுக்கிப் பதிவுகளைக் காவல்துறை பெற்றது. அடுத்த ஆண்டு அவற்றைச் சான்றாக வைக்க நீதிபதி இசைந்தார். உயிர்காக்க ஏற்ற கருவி உடையவருக்கு எதிராகவே சாட்சியானது. அவர் குற்றவாளியா என்பது வேறு வினா. நெஞ்சுக்குள் கருவியை ஏற்றபோது அவர் இசைந்தது சிகிச்சைக்கு மட்டுமே.

இந்தியச் சட்டமரபில் உடலின் இந்த உள்ளெல்லையைக் காத்த தீர்ப்பு உண்டு. ‘செல்வி எதிர் கர்நாடக மாநிலம்’ வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், ஒருவரது இசைவின்றி மயக்கமருந்து விசாரணையோ மூளைப்பதிவுச் சோதனையோ நடத்தக் கூடாது என்றது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தது. எனினும் 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காகவும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் பணியாளர் தரவை இசைவு பெறாமலே கையாள இடமளிக்கிறது. இழப்பு என்னும் அச்சொல்லுக்குள் வேங்கடத்தின் வாயிலிருந்த இழையும் அடங்கும்.

இவ்வெளிச்சத்தில் படத்தின் குறை ஒன்றும் தெரிகிறது. வேங்கடத்தின் களவை அது நுட்பமாக விசாரிக்கிறது. இழைக்காக அவன் வேலைநிறுத்தத்தைக் கைவிடும் இடத்தில் தோழர்களுக்கு இழைத்த துரோகத்தையும் மறைக்காமல் காட்டுகிறது. அவன் உடலைச் சந்தேகிக்கும் உரிமை முதலாளிக்கு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அது கேட்பதில்லை. சோதனை அங்கே காலச்சூழலின் ஒரு பொருள், தறியையும் திரியையும் போல. பிரகாஷ்ராஜின் நடிப்பு இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது: இறுகிய தாடை, பேச வேண்டிய இடத்தில் மௌனம், எச்சில் விழுங்கத் தயங்கும் தொண்டை. தொழிலாளர் தலைவனாகப் பேச வேண்டிய வாயே களவின் பையாகவும் இருப்பதால், இழை உள்ளே இருக்கும்வரை அவனால் முழக்கமிட இயலாது. கண்காணிப்பு, பொருளைப் பறிக்கும் முன்பே பேச்சைப் பறித்துவிடுகிறது.

வேங்கடத்தின் வாய் காத்தது ஓர் உரிமையால் அன்று, சோதிப்பவரின் இயலாமையால். உள்ளே பார்க்கக் கருவி இல்லாததால் ஒளிவிடம் இருந்தது. இன்று அவ்வியலாமை நீங்கிவருகிறது. ஆகவே உள்வைப்புக் கருவி பற்றிய எந்த விதியும், பதிப்பதற்கு இசைவு பெறப்பட்டதா என்பதோடு நின்றுவிட முடியாது. பதிக்க மறுத்தவருக்கு வேலை தொடருமா, கருவி தரும் தரவை முதலாளி எந்த நோக்கத்துக்கு அப்பால் தொடக் கூடாது, வேலையை விட்டுச் செல்லும் நாளில் அதை அகற்றும் செலவும் பொறுப்பும் யாருடையவை என்பனவும் அவ்விதியில் எழுதப்பட வேண்டும்.