பச்சைக் கோடு எங்கே சரிகிறது?

கல்யாண வீடியோவை ஸ்டூடியோக்காரர் கொடுத்துவிட்டார், லேப்டாப்பில் இடமில்லை. கூடுதலாக ஒரு டிரைவ் வாங்கக் கடைக்குப் போனால் பெட்டிக்குப் பெட்டி கொட்டை எழுத்தில் ஒரு வேகம் போட்டிருக்கிறது. நான் பார்க்கச் சொல்வது வேறொன்றை. விண்டோஸில் பெரிய கோப்பை நகலெடுக்கும்போது வரும் சின்னச் சாளரத்தில் கூடுதல் விவரங்களைத் திறந்தால் பச்சை நிறத்தில் ஒரு வரைபடம் ஓடும். இன்னும் எத்தனை நிமிடம் என்று மட்டும் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். டிரைவின் குணம் அந்தக் கோட்டில்தான் வெளிப்படும்.

முதலில் ஹார்ட் டிஸ்க். தொடக்கத்தில் கோடு துள்ளும். அது லேப்டாப்பின் ரேம் காட்டும் வேடிக்கை. பிறகு நொடிக்கு 100, 120 எம்பி என்று இறங்கிச் சீராகப் போகும். அப்போது அதன் உறையில் காதை வைத்துப் பாருங்கள். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. அதற்குச் சில நானோமீட்டர் மேலே, தொடாமல் மிதக்கிறது, தகவலைக் காந்தப் புள்ளிகளாக எழுதிப் படிக்கும் ஹெட். இடையிடையே கேட்கும் மெல்லிய கிறுகிறுப்பு, ஹெட் தடம் மாறும் ஓசை. இவ்வளவு சின்னக் காந்தப் புள்ளிகளைப் படிக்க வழி திறந்தது, ஆல்பெர் ஃபெர்ரும் பீட்டர் க்ரூன்பெர்க்கும் 1988-இல் தனித்தனியே கண்டறிந்த மாபெரும் காந்தத்தடை விளைவு. 2007-இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது.

டிஸ்க் நிரம்ப நிரம்பக் கோடு தாழும்; அது பழுதல்ல. தட்டின் வெளிவட்டத்தில் ஒரு சுற்றுக்கு அதிகத் தகவல் கொள்ளும், உள்வட்டத்தில் குறைவு. இன்னொரு சங்கதியும் உண்டு. கையடக்க டிஸ்குகள் பலவற்றில் தடங்களை ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன் விளிம்பில் ஒன்று ஏறும்படி எழுதுகிறார்கள். நடுவில் ஓர் ஓட்டை மாற்றினால் பக்கத்து ஓடுகளையும் எடுத்து வைத்தாக வேண்டும். அழித்து அழித்து எழுதுபவருக்கு இது திணறும். ஒருமுறை எழுதி எப்போதாவது பார்ப்பவருக்குக் குறையே தெரியாது.

எஸ்எஸ்டியில்தான் நாடகம் அதிகம். சுழலும் தட்டு இல்லை. நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைக்கிறார்கள். ஓர் அறையில் ஒரு பிட் என்றால் இரண்டு அளவுகளைப் பிரித்தறிந்தால் போதும். டிஎல்சி வகையில் மூன்று பிட், எட்டு அளவு. க்யூஎல்சியில் நான்கு பிட், பதினாறு அளவு. அளவுகள் நெருங்க நெருங்க, பிசகாமல் ஊட்ட நேரம் பிடிக்கும். ஆகவே டிரைவ் ஒரு தந்திரம் செய்கிறது: வருவதையெல்லாம் முதலில் அறைக்கு ஒரு பிட்டாக வேகமாக வாங்கிப் போட்டுவிட்டு, சும்மா இருக்கும்போது நெருக்கி அடுக்குகிறது. அந்த முன்வாசல் நிரம்பிய கணத்தில் பச்சைக் கோடு தொபுக்கென்று விழும். 1,000 எம்பியில் ஓடியது சில மலிவான க்யூஎல்சி டிரைவ்களில் ஹார்ட் டிஸ்குக்கும் கீழே போய்விடும். பெட்டியில் அச்சடித்திருப்பது விழுவதற்கு முந்தைய வேகம். எங்கே விழுகிறது, விழுந்தபின் எங்கே நிற்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால் டிரைவை அறிந்துவிட்டீர்கள். பாதி நிரம்பிய டிரைவில் முன்வாசலும் பெரும்பாலும் சுருங்கிவிடும். காலி டிரைவில் எடுத்த சோதனையை நம்பி ஏமாற வேண்டாம். வீடியோ வெட்டி ஒட்டுகிறவர் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது டிஎல்சி வாங்குவதே சரி என்பது என் கட்சி.

கோடு ஆரம்பத்திலிருந்தே 40 எம்பியில் படுத்துக் கிடந்தால் டிரைவைத் திட்டுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். ஃபோன் சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்கள் பல, யூஎஸ்பி 2.0 வேகத்துக்கு மேல் போகாதவை. 5 ஜிபிபிஎஸ் போர்ட்டில் 400 சொச்சம் எம்பி, 10-இல் சுமார் 1,000. அதற்கு மேல் வேகமான டிரைவை உங்கள் லேப்டாப் போர்ட் தாங்குமா என்று கேட்காமல் வாங்குவது வீண் செலவு. பழைய லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேடி (caddy) என்னும் சட்டகம் போட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டியை உள்ளேயே பொருத்தலாம்; டிவிடி டிரைவின் தடிமன் 9.5 மிமீயா 12.7 மிமீயா என்று அளந்துகொள்ளுங்கள்.

1 டிபி வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி காட்டும். கடைக்காரர் மேல் குற்றமில்லை. ஆயிரத்தால் பெருக்குபவரும் 1,024-ஆல் வகுப்பவரும் வேறு வேறு.

வருடக்கணக்கில் பீரோவில் பூட்டி வைக்க எஸ்எஸ்டி வேண்டாம். அடைத்த மின்னூட்டம் கசியும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. ஆயுள் முழுக்க எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைத் தாங்க வேண்டும் என்பதே வீட்டு உபயோக டிரைவ்களுக்கு ஜெடெக் (JEDEC) என்ற அமைப்பு வைத்திருக்கும் தரநிர்ணயம். புது டிரைவ் கூடுதலாகவே தாங்கும். ஆனால் நம் ஊர் மே மாதம் 30 டிகிரியில் நிற்பதில்லை. கல்யாண வீடியோவுக்கு ஹார்ட் டிஸ்க், அதுவும் இரண்டு பிரதி, ஒன்று வேறு வீட்டில்.

ஆன்லைனில் 16 டிபி எஸ்எஸ்டி ஆயிரம் சொச்சத்துக்கு வருகிறதே என்பவர்களுக்கு: அப்படிப்பட்ட உறைகளைப் பிரித்தால் பெரும்பாலும் சின்ன மெமரி கார்டுதான் இருக்கும். கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள்; நிஜ இடம் தீர்ந்ததும் புதுக் கோப்பு பழையதன் மேல் ஏறும். எந்த டிரைவ் வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரி ஓர் இலவச மென்பொருளால் முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பாருங்கள். 1 டிபி ஹார்ட் டிஸ்குக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம், சார்ஜர் மட்டும் செருகியிருக்கட்டும்.