தோக்கேய்ஜி: பூந்தோட்டத்துக்குள் ஒரு வழக்கு மன்றம்

ஜப்பானில் காமகுரா நகரத்தின் தோக்கேய்ஜி கோயிலைப் பற்றிப் பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள் பூக்களையும் அமைதியையும் மறக்காமல் சொல்கிறார்கள். கணவனிடமிருந்து ஓடிவந்த பெண்களுக்கு ஒரு காலத்தில் அடைக்கலம் கொடுத்த கோயில் என்று போகிற போக்கில் ஒரு வரியும் சேர்க்கிறார்கள். அந்த வரி ஒரு கருணைக் கதையாக மட்டுமே சொல்லப்படுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

கித்தா காமகுரா ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் எங்ககுஜி. ஆட்சியாளர் ஹோஜோ தொகிமுனே 1282இல் நிறுவிய கோயில் அது. பெரிய வாயிலும் பெரிய மண்டபங்களுமாக நிற்கிறது. மறுபக்கம் தோக்கேய்ஜி. தொகிமுனே இறந்த பின், துறவியாகிவிட்ட அவர் மனைவி ககுசான் 1285இல் இதை நிறுவினார். சில கல்படிகள், கூரை வேய்ந்த ஒரு சிறு வாயில், அவ்வளவுதான் முகப்பு. நான் போனது ஜூன் மாதத்தில். ஐரிஸ் பூத்திருந்தது. பாறைச் சுவரில் ஊதா நிறத்தில் இவதபாகோ என்ற சிறு பூக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லோரும் மெதுவாக, குரல் தாழ்த்தி நடந்தார்கள். இந்தப் படிகளில் ஒரு காலத்தில் பெண்கள் மூச்சு வாங்க ஏறியிருக்கிறார்கள் என்பதைத் தோட்டத்தைப் பார்த்து யாராலும் ஊகிக்க முடியாது.

எதோ காலத்தில் மணமுறிவு என்பது கணவன் எழுதிக்கொடுக்கும் ஒரு கடிதம். மூன்றரை வரி என்ற பொருளில் அதற்கு மிகுதாரிஹான் என்று பெயர். காரணம் விளக்கமாக இருக்க வேண்டியதில்லை. இனி நீ யாரை மணந்தாலும் எனக்கு மறுப்பில்லை என்ற உறுதி அதில் இருக்கும். அந்தக் காகிதம் கையில் இல்லாமல் ஒரு பெண் மறுமணம் செய்தால் அது குற்றம். அவள் எழுத முடியாது, எழுதச் சொல்லி அவனைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அரசு ஏற்ற விலக்குகளில் ஒன்று தோக்கேய்ஜி. இங்கே வந்து குறித்த காலம் தங்கினால், கணவன் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும். மூன்று ஆண்டு என்று சொல்லப்பட்ட அந்தக் காலம் நடைமுறையில் 24 மாதம்.

துறவு, பெண், பௌத்தம் என்றதும் தமிழில் படித்த நமக்கு மணிமேகலை நினைவுக்கு வருகிறாள். அவள் உலகை விட்டுப் போனவள். தோக்கேய்ஜிக்கு ஓடிவந்தவர்களில் பெரும்பாலோர் உலகத்துக்குத் திரும்பிப் போவதற்காக வந்தவர்கள். புருஷனை விட்டு வந்தவளை வாழாவெட்டி என்று அழைக்கும் மொழியில் வளர்ந்த எனக்கு இந்த வேறுபாடு முக்கியமாகப் படுகிறது. அவர்கள் வாழத்தான் வந்தார்கள்.

வந்த பெண் நேரே மடத்துக்குள் போய்விடுவதில்லை. கோயிலுக்கு எதிரே இதற்கென்றே விடுதிகள் இருந்தன. அங்கே அவளைத் தங்க வைத்து, கோயிலின் அலுவலர்கள் அவள் சொல்வதைப் பதிவு செய்வார்கள். பெற்றோருக்கும் கணவன் வீட்டுக்கும் ஆள் போகும். பேச்சு நடக்கும். பல வழக்குகள் அங்கேயே முடிந்தன. இரண்டு ஆண்டு இழுத்தடித்துக் கடைசியில் எழுதுவதைவிட இப்போதே எழுதிவிடலாம் என்று கணவன் இறங்கி வந்துவிடுவான். ஆக, இந்த இடத்தின் சக்தி அதன் அமைதியில் இல்லை. விசாரணை, ஆள் அனுப்புதல், கெடு, காகிதம் என்று ஓயாமல் நடந்த வேலையில் இருந்தது. எதோ காலத்தின் கடைசி 150 ஆண்டுகளில் மட்டும் சுமார் 2,000 பெண்கள் இங்கே வந்திருப்பார்கள் என்பது மதிப்பீடு.

இதைப் பெண் விடுதலையின் பொற்காலமாக்கவும் நான் தயாராக இல்லை. உள்ளே தங்கியவர்கள் கொடுத்த பணத்தைப் பொறுத்து மூன்று தரமாகப் பிரிக்கப்பட்டார்கள். பணம் குறைந்தவளுக்குக் கடினமான வேலை. இவ்வளவுக்குப் பிறகும் கடிதத்தில் கையெழுத்து கணவனுடையதுதான். கோயில் அந்தச் சட்டத்தை உடைக்கவில்லை. அதில் இருந்த ஓர் ஓட்டையைக் காவல் காத்தது.

அந்தக் காவலுக்கும் அரச செல்வாக்கு தேவைப்பட்டது. 20ஆவது தலைவி தென்ஷூ, 1615இல் ஒசாகா கோட்டை வீழ்ந்தபோது உயிர் தப்பிய சிறுமி, தொயொதொமி ஹிதெயொரியின் மகள். தோற்ற குடும்பத்தின் மகளை வென்ற தொகுகாவா குடும்பம் மடத்தில் சேர்த்தது. அவளை வளர்ப்பு மகளாக ஏற்றவள் தொகுகாவா வீட்டுப் பெண்ணான சென்ஹிமே. ஓடிவந்த பெண்களைக் காத்த உரிமைக்குப் பின்னால் இந்த உறவும் இருந்தது.

1870களில் புதிய மெய்ஜி அரசு கோயிலின் இந்த அதிகாரத்தை முடித்துவைத்தது. 1873இல் மனைவியும் நீதிமன்றத்தில் மணமுறிவு கேட்கலாம் என்று ஆணை வந்தது. ஆனால் தகப்பனோ சகோதரனோ உறவினரோ உடன் வர வேண்டும். தோக்கேய்ஜிக்குத் தனியாக ஓடிவர முடிந்தவள், நவீன நீதிமன்றத்துக்குத் துணையோடு போக வேண்டியதாயிற்று. 1902இல் கடைசித் தலைவி இறந்ததும் 600 ஆண்டுகளுக்கு மேல் பெண்களிடம் இருந்த மடம் ஆண் துறவிகளிடம் போனது. 1907இல் புத்தர் மண்டபமே பெயர்க்கப்பட்டு, யோகோஹாமாவில் ஹாரா சாங்கேய் என்ற பட்டு வணிகரின் சாங்கேயென் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் அங்கேதான் நிற்கிறது.

கோயிலின் பின்பக்கம் மரங்களுக்கு நடுவே கல்லறைகள். டி. டி. சுசுகி, நிஷிதா கிதாரோ, வாட்சுஜி தெத்சுரோ என்று சிந்தனையாளர்களின் பெயரைத் தேடி வருகிறார்கள். மடத்துத் தலைவிகளின் கல்லறைகளும் அங்கேயே இருக்கின்றன. நான் நின்ற நேரத்தில் அவற்றைத் தேடி யாரும் வரவில்லை. அடுத்த கோயிலான ஜோச்சிஜியின் அருகிலிருந்து பெரிய புத்தர் சிலை வரை மலைப்பாதை போகிறது. பெரும்பாலோர் அதில் ஏறிவிடுகிறார்கள்.

பூக்களை ரசிப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இந்த வாயில் இருந்த காரணத்தால், இங்கே ஒருபோதும் வராத பெண்களும் தங்கள் வீட்டில் கொஞ்சம் குரல் உயர்த்திப் பேசியிருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். போவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்று கணவனுக்கும் தெரிந்திருப்பது சிறிய விஷயமல்ல. கருணை என்ற சொல்லால் நாம் மூடிவிடுவது அந்தப் பேரம் பேசும் பலத்தைத்தான். காப்பகம், உதவி எண், இலவசச் சட்ட உதவி என்று இன்று நாம் கேட்பவற்றுக்கும் யாருடைய கருணையும் அடிப்படை அல்ல. முகவரி தெரிய வேண்டும், கதவு திறக்க வேண்டும், உள்ளே ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.