நடுப் பத்தியின் ஆங்கிலம்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், வாரப் பத்திரிகைகளுக்கும் ராசிபலன் புத்தகங்களுக்கும் நடுவே தொங்கும் '30 நாளில் ஆங்கிலம்' வகைப் புத்தகத்தை நம் வட்டத்தில் யாரும் ஒரு புத்தகமாகக் கருதியதில்லை. கேலிக்கு அது பயன்பட்டிருக்கிறது. ஒருவருடைய மொழிபெயர்ப்பு பிடிக்கவில்லை என்றால் '30 நாள் ஆங்கிலம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் பென்சிலும் கையுமாக, வாய்விட்டு, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிற வாசகர்கள் அந்தப் புத்தகத்துக்கு இருக்கிறார்கள். நம் புத்தகங்களுக்கு அந்த பாக்கியம் கிடையாது. அது என்ன செய்ய முயல்கிறது, எந்த இடத்தில் மேலே போக முடியாமல் நின்றுவிடுகிறது என்று பார்ப்பது விமர்சனத்துக்குப் புறம்பான காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

அமைப்பு எளிமையானது. இடது பக்கம் ஆங்கில வாக்கியம், வலது பக்கம் அர்த்தம், நடுவில் அந்த வாக்கியத்தின் ஒலி தமிழ் எழுத்தில். பாலாஜி பப்ளிகேஷன்ஸின் 30 நாள் வரிசையானாலும் சரி, தில்லி புஸ்தக் மஹால் பல இந்திய பாஷைகளில் கொண்டுவந்த ரேபிடெக்ஸ் ஆனாலும் சரி (கபில்தேவ் விளம்பரத்துக்கு நின்ற புத்தகம்), அந்நிய ஒலியைத் தாய்மொழி எழுத்துக்குள் பிடித்துக் கொடுப்பதுதான் உபாயம். அர்த்தத்தை எந்த அகராதியிலும் பார்த்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்குகிறவர் வாங்குவது நடுப் பத்தியைத்தான்.

அந்த வாசகரை நான் பாங்குக் கவுண்டரில் பார்க்கிறேன். விசைத்தறியை விட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போகத் தயாராகும் நாற்பது வயதுக்காரர் ஒருவர் பாஸ்புக்கோடு ஒரு நோட்டையும் நீட்டினார். "சார், இங்கிலீஷத் தமிழ்லயே எழுதி வச்சிருக்கேன். படிக்கேன், சரியா இருக்கான்னு சொல்லுங்க. சிரிச்சிராதீங்க" என்றார். கடைசியில் சொன்னதுதான் விஷயம். அவருக்கு லண்டன் உச்சரிப்பு வேண்டாம். மேஸ்திரிக்குப் புரிய வேண்டும், பக்கத்தில் நிற்கிறவன் சிரிக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் யாரோ சிரித்திருக்கிறார்கள். நடுப் பத்தி சிரிப்பதில்லை. ராத்திரி பத்து மணிக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, அதை வைத்துக்கொண்டு அவர் வாயைத் திறக்கலாம். ஒலிபெயர்ப்பின் லட்சணங்களைப் பற்றிப் பேசுமுன் இந்தப் புத்தகங்கள் செய்திருக்கிற இந்த உபகாரத்தை ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

இனி அந்தப் பத்தியைப் பார்க்கலாம். 'பேக்' என்று இருக்கிறது. சாமான் மூட்டை கட்டுகிற பேக்கா, முதுகைக் குறிக்கிற பேக்கா, தோளில் மாட்டுகிற பேக்கா, ரொட்டி சுடுகிற பேக்கா? ஆங்கிலக் காதுக்கு இவை நான்கும் நான்கு வேறு சொற்கள். 'கோட்' என்றால் சட்டைமேல் போடுவதும் ஆகும், வெள்ளாடும் ஆகும், எங்கள் கிளையின் குறியீடும் ஆகும். (ரோமன் எழுத்தைத் தொடாமல் எழுதுகிற இந்தக் கட்டுரையே எந்தப் பேக் என்று சொல்ல நான்கு தடவை மூக்கைச் சுற்ற வேண்டியிருக்கிறது, பாருங்கள்.) தமிழ் எழுத்து வல்லினத்தின் அதிர்வைத் தனியாகக் குறிப்பதில்லை. அதே ககரம் சொல்லின் முதலில் வன்மையாகவும், மெல்லினத்தை அடுத்து அதிர்வோடும், இரண்டு உயிர்களுக்கு நடுவே இளகியும் ஒலிக்கும். 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதைத் தமிழின் ஒலி விதிகளில் ஒன்றாக எழுதினார். இடையன்குடியில் நம் ஜனங்களின் வாயைக் கேட்டவர் அவர். தமிழ்ச் சொல்லை எழுத இந்தச் சிக்கனம் போதும். தென் இங்கிலாந்தின் படித்தவர் உச்சரிப்புக்கு 44 ஒலிகள், அதில் உயிர் மட்டும் 20 என்பது பாடப்புத்தகக் கணக்கு. அத்தனையையும் நம் 12 உயிருக்குள்ளும் 18 மெய்க்குள்ளும், கிரந்தத்தையும் ஆய்தம் போட்ட பகரத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டாலும், அடைத்துவிட முடியாது.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு யோசனை வரும்: எழுத்தைச் சீர்திருத்துவோம், புள்ளி வைப்போம், எண் போடுவோம். அது ஏற்கனவே நடந்து பார்த்த காரியம். ஸம்ஸ்கிருத ஸ்தோத்திரங்களைத் தமிழில் அச்சிடுகிற புத்தகங்களில் க, ச, ட, த, ப வர்க்கங்களுக்குத் தலைமாட்டில் 2, 3, 4 என்று பொடி எண்கள் இருக்கும். அந்த எண்களைப் பார்த்தே உச்சரிப்பை அடைந்த ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. பாட்டி சொல்லிக் கேட்டவர் எண்ணைப் பாராமலே சரியாகச் சொல்லிவிடுகிறார். கேட்காதவருக்கு அந்த எண் அச்சில் விழுந்த தூசி.

நம் இலக்கணமே இதற்குச் சாட்சி. 'காது' என்று எழுதுகிறோம், 'பசு' என்று எழுதுகிறோம். இரண்டின் கடைசியிலும் இருப்பது ஒரே உகரம். ஆனால் காதின் உகரத்தை யாரும் உதடு குவித்து முழுசாகச் சொல்வதில்லை. தொல்காப்பியர் அதைக் கவனித்துக் குற்றியலுகரம் என்று பெயர் வைத்தார், அரை மாத்திரை என்று அளவும் சொன்னார். இன்றுவரை நாம் அதற்குத் தனி வடிவம் இல்லாமலேயே எழுதிப் படிக்கிறோம். தமிழ் பேசுகிறவனுக்கு எழுத்து ஞாபகமூட்டினால் போதும். ஒலி அவனிடம் முன்பே இருக்கிறது.

எனக்குப் படுவது இதுதான். எந்த எழுத்தும் ஏற்கனவே கேட்ட ஒலியை நினைவூட்டும், கேளாத ஒலியைக் கொண்டுவந்து தராது. ஆங்கிலேயர்களும் முட்டிப் பார்த்துவிட்டார்கள். பெர்னார்ட் ஷா 1950இல் சாகும்போது புது ஆங்கில எழுத்துக்காக உயிலில் பணம் வைத்துவிட்டுப் போனார். அந்த எழுத்தில் அவருடைய நாடகம் ஒன்று 1962இல் அச்சானதோடு சரி. 1961இல் ஜேம்ஸ் பிட்மனின் நாற்பத்துச் சொச்சம் எழுத்துக்கள் பிரிட்டிஷ் பள்ளிக்கூடங்களில் சோதனைக்கு வந்தன. குழந்தைகள் சீக்கிரம் படிக்கத் தொடங்கினார்கள், வழக்கமான எழுத்துக்கு மாறும்போது பலர் தடுமாறினார்கள், எழுபதுகளிலேயே அந்த முறை தேய ஆரம்பித்துவிட்டது. ஆனால் அந்தக் குழந்தைகள் வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவர்கள், அவர்களுக்கு எழுத்து மட்டும்தான் புதிது. நம் விசைத்தறிக்காரருக்கு எழுத்தும் புதிது, ஒலியும் புதிது. அவரிடம் நடுப் பத்தியை மட்டும் கொடுத்தால் அவர் தமிழைத்தான் படிப்பார்.

மெய்யெழுத்துக் குழப்பத்தைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், உண்மையான சேதம் அங்கே நேர்வதாக நான் நினைக்கவில்லை. ஆட்டையும் சட்டையையும் இடம் பார்த்து எவனும் புரிந்துகொள்வான். போட்டோகிராப், போட்டோகிராபர், போட்டோகிராபிக் என்று நடுப் பத்தி மூன்று சொற்களைத் தரும். தமிழில் மூன்றுக்கும் தலை ஒன்று, வால் மட்டும் வேறு. ஆங்கிலத்தில் அழுத்தம் முதல் சொல்லில் முதல் அசையில் விழுகிறது, இரண்டாவதில் இரண்டாம் அசைக்குத் தாவுகிறது, மூன்றாவதில் மூன்றாம் அசைக்கு. அழுத்தம் இல்லாத அசைகளின் உயிர்கள் பெயர் தெரியாத ஒரு முனகலாகக் கரைந்துபோகின்றன. போட்டோகிராபரை அவர்கள் 'ஃபட்டாக்ரஃப' என்கிற மாதிரி சொல்கிறார்கள். நாம் எல்லா அசைக்கும் சமமாகப் படி அளக்கிறோம். இந்தியர்களின் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்து ஆர். கே. பன்சால் 1969இல் ஹைதராபாத்திலிருந்து வெளியிட்ட நூல், புரியாமல் போவதற்கான முக்கிய காரணங்களில் ஒன்றாகச் சொல்லழுத்தத்தைச் சொல்கிறது. எண்ணும் புள்ளியும் தேடுகிற பதிப்பாளர்கள் அழுத்தம் விழும் அசையைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தால்கூடப் பாதிக் கஷ்டம் தீர்ந்திருக்கும். அதற்கு முதலில் அது அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் ரயிலடியை 'டேசன்' என்றார்கள். சொல் முதலில் நின்ற ஸகர மெய் தமிழ் வாய்க்கு ஆகாது, தள்ளிவிட்டார்கள். ஆனால் அழுத்தம் விழுகிற 'டே' அப்படியே இருக்கிறது, பின்னால் வருவது குறுகிவிட்டது. காதால் வாங்கிய சொல் அது. 'ஸ்டேஷன்' என்று நாம் திருத்தி எழுதுவதில் பாதி கண்ணால் வாங்கியது.

எங்கள் பக்கத்து ஊர்ப்பெயரிலேயே இந்தச் சண்டை நடக்கிறது. திருச்சுழியை ரோமன் எழுத்தில் அரசாங்கம் எல் போட்டு எழுதுகிறது. தமிழ்ப்பற்றுள்ளவர்கள் இஸட்-ஹெச் போட வேண்டும் என்கிறார்கள். ஊர்க்காரன் என்ன சொல்கிறான்? 'திருச்சுளி' என்கிறான். தெற்கத்தி வாயில் ழகரம் இளகிப் பல காலமாகிவிட்டது. ஆக, எல் போட்டவன் எவனோ ஊர்க்காரனைக் கேட்டு எழுதியிருக்கிறான், இஸட்-ஹெச் கேட்கிறவர் ஏட்டைப் பார்க்கிறார். ரமணர் பிறந்த வீட்டைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர் இஸட்-ஹெச்சைக் கண்டால் சொல்லப் போவது இரண்டிலும் சேராத மூன்றாவது ஒலி. 2020இல் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் கிடைத்த நீண்ட எழுத்துக் கோவைகளைப் பார்த்து ஊரே சிரித்தது. வெளியே தெரிந்த சில நாட்களிலேயே ஆணை திரும்பிப் போனது. நடுப் பத்தியை எழுதியவரின் பிழையையே ஒரு அரசாங்கம் எதிர்த்திசையில் செய்தது என்பதை நாம் கவனிக்கவில்லை. அதையும் ஸ்பெல்லிங் வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம்.

நாம் என்று சொன்னபிறகு நம் காரியத்துக்கும் வர வேண்டும். வெ. ஸ்ரீராமின் 'அந்நியன்' 1980இல் க்ரியா வெளியீடாக வந்தபோது ஆசிரியர் பெயர் 'ஆல்பெர் காம்யு' என்று அச்சாகியிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் 'காமு' என்றும் 'காமஸ்' என்றும் எழுதியவர்கள் உண்டு. பெயரை எப்படி எழுதுகிறான் என்பதை வைத்தே ஆளை எடைபோடுகிற பழக்கம் சிறுபத்திரிகைகளில் இருந்தது, இன்னும் இருக்கிறது. ஸ்ரீராம் பிரெஞ்சு கேட்டவர், அந்தக் கடைசி உயிரை அவர் 'யு' என்று எழுதும்போது அவருக்குள் ஒலிப்பது வேறு. உதட்டைக் குவித்துக்கொண்டு இகரம் சொல்லிப் பார்த்தால் அது ஓரளவு வரும். படிக்கிற நாம் தமிழ் யுகரத்தைத்தான் சொல்கிறோம். நம்முடைய நடுப் பத்தி அது. பஸ் ஸ்டாண்டு வாசகரிடம் இருக்கிற கூச்சம் நம்மிடம் இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

கரிசல் பேச்சை கி. ராஜநாராயணன் எழுத்தில் கொண்டுவந்துவிட்டார் என்று எழுதுகிறோம். இந்தப் பக்கத்துக்காரனான எனக்கு அவர் பக்கங்களில் குரல் கேட்கிறது, உண்மை. அது என் வீட்டில் நான் கேட்ட குரல். தஞ்சாவூர் நண்பர் அதே வரியை உரக்கப் படித்தபோது சொல் எல்லாம் சரியாக இருந்தது, ராகம் மட்டும் காவிரிக்கரையில் இருந்தது. கி.ரா. தொகுத்த அகராதி அவருக்குப் பொருளைச் சொல்லும், இழுப்பைச் சொல்லாது.

இதைவிடத் தீவிரமான பாதிப்பு கவிதையில் இருக்கிறது. 'எழுத்து' பத்திரிகையின் காலத்திலிருந்து (1959–70) புதுக்கவிதையின் லயம் பற்றி நாம் பேசியதில் பெரும்பகுதி ஆங்கிலக் கவிதையை ஆதாரமாகக் கொண்டது. அந்த ஆங்கிலக் கவிதையை நாம் எப்படிப் படித்தோம்? பி.ஏ. வகுப்பில், அச்சில், கண்ணால். ஆங்கில யாப்பு அழுத்தத்தின் யாப்பு, நம் யாப்பு நேரும் நிரையுமாக அளவின் யாப்பு. அழுத்தத்தைக் கேளாத காது ஆங்கில வரியை அசை எண்ணித்தான் படிக்கும், அல்லது வரி எங்கே முறிகிறது என்று மட்டும் பார்க்கும். நம்மிடம் வந்து சேர்ந்தது வரி முறிப்பு. ந. பிச்சமூர்த்தி தமக்குத் தூண்டுதலாகச் சொன்னது விட்மனை. அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. விட்மனின் லயம் வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப வருவதில் இருக்கிறது, அடுக்கிக்கொண்டே போவதில் இருக்கிறது. அதைக் கண்ணாலும் வாங்கிக்கொள்ளலாம், பிச்சமூர்த்தி வாங்கிக்கொண்டார், தமிழுக்கு நல்லதாயிற்று. ஹாப்கின்ஸை அப்படி வாங்க முடியாது. தன் தேசத்து வாசகர்களை நம்பாமல் கையெழுத்துப் பிரதியில் அழுத்தக் குறிகள் போட்டு வைத்தவர் அவர். அவரும் ஒரு நடுப் பத்தி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். கவிதைகள் 1918இல் புத்தகமானதிலிருந்து அந்தக் குறிகளைப் பற்றி ஆங்கிலேயர்களே தர்க்கம் செய்துகொண்டிருக்கிறார்கள். நாமோ அவருடைய லயத்தை மேற்கோள் காட்டித் தமிழ்க் கவிஞர் ஒருவரின் லயத்தைக் குறைசொல்லியிருக்கிறோம்.

இப்போது கைபேசியில் எந்தச் சொல்லைத் தட்டினாலும் அது பேசுகிறது. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு, நோட்டில் தங்களுக்குப் பட்டபடி தமிழில் எழுதிக்கொள்கிறார்கள். அச்சான புத்தகத்தில் 'வாட்டர்' என்று இருந்ததை அடித்துவிட்டு ஒருவர் 'வோட்ட' என்று எழுதியிருந்தார். அமெரிக்கக் குரல் ஒன்றைக் கேட்டிருந்த வேறொருவர் நோட்டில் அதே சொல் 'வாடர்' என்று இருந்தது. இரண்டுமே கேட்டு எழுதியவை. எலியட் தன் கவிதைகளைத் தானே படித்த பதிவுகள் பல வருஷங்களாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கேட்டுவிட்டு எலியட்டைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட கட்டுரை ஒன்றையும் நான் இன்னும் படிக்கவில்லை.