வெல்ஸின் ஈயச் சிப்பாய்கள்

பெரிய நாவலாசிரியர்கள் விளையாட்டாக எழுதிய சிறு புத்தகங்களில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. ஹெச். ஜி. வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' அப்படிப்பட்டது. ஈயச் சிப்பாய்களை வைத்துக்கொண்டு வீட்டுத் தரையில் யுத்தம் நடத்துவது எப்படி என்று சொல்லும் நூல் இது. பொம்மைப் படைகளை நகர்த்தி விளையாடும் பெரியவர்கள் இன்றும் பல தேசங்களில் இருக்கிறார்கள். பழைய ஈயப் பொம்மைகளைத் தேடிப் பிடித்து ஆடும் ரசிகர்களுக்கு இதுதான் ஆதி நூல்.

விதிகள் எளியவை. காலாள் ஒரு முறைக்கு ஓர் அடி நகரலாம். குதிரைவீரன் இரண்டு அடி. பக்கத்தில் நான்கு ஆளாவது இருந்தால்தான் பீரங்கி சுடும். அதிலிருந்து பாயும் சிறு மரத்துண்டு எந்தப் பொம்மையைச் சாய்க்கிறதோ, அது செத்தது. பகடைக்கு இங்கே வேலை இல்லை. கைகலப்பு வந்தால் ஆளுக்கு ஆள் என்று இரு கட்சியிலும் சமமாகச் சாக வேண்டும். வெற்றி பெற்றவனும் விலை கொடுக்கிறான் என்பதை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்?

புத்தகத்தின் உயிர் விதிகளில் இல்லை. தன் சண்டையைத் தானே வருணிக்கும் தளபதியிடம் இருக்கிறது. அந்தத் தற்பெருமையைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. வெல்ஸ் படைத்த ஹாஸ்ய பாத்திரங்களில் இந்தத் தளபதிக்கும் ஓர் இடம் தரலாம்.

ஆனால் சிரிப்போடு அவர் நிறுத்தவில்லை. பொம்மை யுத்தம் ஆடியவனுக்கு நிஜ யுத்தம் எத்தனை பெரிய அசட்டுத்தனம் என்று புரிந்துவிடும் என்கிறார். இங்கேதான் எனக்கு அவரோடு வழக்கு.

மயிலாப்பூரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு வேறொரு பொம்மைக் கூட்டம் நினைவுக்கு வராமல் இராது. நவராத்திரிக்கு முன்பு வடக்கு மாட வீதியில் நடந்து பாருங்கள். மகிஷனைக் கொல்லும் தேவி இருக்கிறாள். பாண்டு வாத்தியக் கோஷ்டி இருக்கிறது. தொந்தியும் தராசுமாகச் செட்டியாரும், பக்கத்தில் அவர் மனைவியும் உட்கார்ந்திருக்கிறார்கள். கொலுப்படியில் யுத்தமும் உண்டு, மளிகைக் கடையும் உண்டு. செட்டியார் இல்லாத கொலுவை நம் வீட்டுப் பெண்கள் கொலு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வெல்ஸின் தரையில் வீடு உண்டு, மலை உண்டு, மரம் உண்டு. செட்டியார்தான் இல்லை. அந்த வீடுகளில் குடியிருப்பவன் எங்கே போனான்? அவனுக்கு ஒரு விதியும் இல்லை. தளபதிக்கு வீடு என்பது ஒளிந்துகொள்ள ஒரு மறைவு, அவ்வளவுதான்.

புத்தகம் வந்த மறு வருஷமே பதில் கிடைத்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, 'எம்டன்' என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் சிலர் மாண்டனர். அந்த வருஷம் நவராத்திரி அப்போதுதான் தொடங்கியிருந்தது. கொலுப்படியில் செட்டியார் அசையாமல் உட்கார்ந்திருக்க, நிஜச் செட்டியார்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனார்கள். பிறகு நாமும் அந்தப் பயத்தை மறந்து, கெட்டிக்காரனை 'எம்டன்' என்று அழைக்கக் கற்றுக்கொண்டோம். பயம் ஆறியதும் வேடிக்கையாகிவிடுவது வெல்ஸுக்கு மட்டும் உரிய குணமல்ல.

ஆகவே என் அபிப்பிராயம் இது: யுத்தத்தை நடத்துகிறவனைக் கேலி செய்வதில் இந்தப் புத்தகம் முழு வெற்றி. யுத்தத்தை வெறுக்கச் செய்வதில் தோல்வி. சாய்ந்த ஈயச் சிப்பாய் அடுத்த ஆட்டத்துக்கு எழுந்து நிற்கிறான். விஜயதசமி இரவு நாம் படுக்க வைக்கும் பொம்மையும் அடுத்த வருஷம் எழுந்துவிடுகிறது. ஆனால் அதை யாரும் கொன்றதில்லை. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். ரசிப்பதற்கு நிறையவே இருக்கிறது.