ஓட்டியவர்களே கட்டிய கவசம்

வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ கான்வாய்களுக்குக் காவலாக ஓடிய கன் டிரக்குகளின், அதாவது கவசமும் துப்பாக்கிகளும் பூட்டிய லாரிகளின், படங்களைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கிகளை எண்ணுவார்கள். என் கண் நேராக லாரியின் கவசப் பெட்டியின் மேல்விளிம்புக்குப் போய்விடும். ‘ஈவ் ஆஃப் டிஸ்ட்ரக்சன்’ வண்டியின் பெருமை முழுக்க அங்கேதான் இருக்கிறது. வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு, நடுவில் இடைவெளி. ஆர்பிஜி ராக்கெட் குண்டு வெளித்தகட்டில் வெடிக்கும். அதன் தாரை அந்த இடைவெளியைக் கடப்பதற்குள் சிதறி வலுவிழக்கும். அத்தனை இரும்பையும் ஒரே தகடாக அடித்திருந்தால் எடை அதேதான், பலன் குறைவு. காற்றைக் கவசத்தில் ஒரு பாதியாக்கத் தெரிந்த கைகள் அவை. டாங்கி வடிவமைப்பாளர்களுக்கு இது பழைய பாடம்தான். ஆனால் இந்தப் பெட்டியைக் கட்டியவர்கள் லாரி ஓட்டுநர்கள்.

அந்தப் பாடத்துக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1967 செப்டம்பர் 2 அன்று பிளேக்குவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கான்வாய் 19ஆம் நெடுஞ்சாலையில் பதுங்கித் தாக்கப்பட்டது. வண்டிகளில் பெரும்பாலானவை அழிந்தன அல்லது சேதமடைந்தன. 7 ஓட்டுநர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் 8வது போக்குவரத்துக் குழு தன் வண்டிகளில் சிலவற்றையே காவல் வண்டிகளாக மாற்றியது. முதலில் வந்தவை இரண்டரை டன் லாரிகள், மரப்பலகை, மணல் மூட்டை. பருவமழையில் மணல் நீர் குடித்து எடை ஏறியது, ஸ்பிரிங் பட்டைகள் தாழ்ந்தன, மலையேற்றத்தில் இன்ஜின் திணறியது. மூட்டையைக் கழற்றிவிட்டு இரும்புக்குப் போனார்கள். இரும்பைச் சுமக்க ஐந்து டன் எம்54க்குப் போனார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சாலைதான் காரணம் சொன்னது.

ஆலைத் தயாரிப்பே உயர்ந்தது என்கிற ரசிகர்கள் காடிலாக் கேஜின் வி-100ஐக் காட்டுவார்கள். சரிந்த பக்கங்கள், மூடிய உடல், சுழலும் கோபுரம். பார்க்க அழகான வண்டி, மறுக்கவில்லை. ஆனால் கான்வாய் காவலுக்கு வேண்டியது வேறு. முதல் குண்டு எங்கிருந்து வந்தது என்று அந்த நொடியே தெரிந்தாக வேண்டும். மூடிய வண்டிக்குள் சிறு கண்ணாடி வழியே தேடுகிறவனைவிட, திறந்த பெட்டியில் நாலு பக்கமும் பார்த்து நிற்கிறவர்கள் விரைவாகத் திருப்பிச் சுடுவார்கள். எம்113 கவசத் துருப்பு வண்டியின் உடலை அப்படியே தூக்கி லாரி மேல் வைத்ததுதான் உச்சம் என்று வாதிடுகிற இன்னொரு கட்சியும் உண்டு. கைக்குக் கிடைத்ததைப் பயன்படுத்திய சாமர்த்தியம் அதில் இருக்கிறது. ஆனாலும் அது வேறொரு வண்டிக்காகச் செய்த உடல். ஈவின் பெட்டி அந்த லாரிக்காகவே அளந்து வெட்டியது.

திறந்த பெட்டியின் விலையையும் சொல்லாமல் விடக்கூடாது. 1971 பிப்ரவரி 23 அன்று ஆன்கே அருகே ‘புரூட்டஸ்’ என்ற கன் டிரக்குக்குள் எறிகுண்டு விழுந்தது. அதில் இருந்த வீரர் லாரி டால் குண்டின் மேல் பாய்ந்து விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். மறைவுக்குப் பின் அவருக்கு மெடல் ஆஃப் ஆனர் வழங்கப்பட்டது. கூரை இருந்திருந்தால் குண்டு உள்ளே விழுந்திருக்காது என்பது உண்மை. கூரை இல்லாததால் பிழைத்த கான்வாய்களும் உண்மை. இரண்டையும் தெரிந்தேதான் அந்த ஆட்கள் தாமாக முன்வந்து அந்தப் பெட்டிகளில் ஏறினார்கள்.

இத்தனை கற்ற அமெரிக்க ராணுவம் எல்லாவற்றையும் மறந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். 2004 டிசம்பரில் குவைத்தில் ஒரு சிப்பாய் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டிடம், குப்பைமேட்டில் இரும்பு பொறுக்கி வண்டிக்குக் கவசம் போட வேண்டியிருக்கிறதே, ஏன் என்று கேட்டார். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் எடுத்துப் பார்த்தது ஈவின் படத்தைத்தான். அப்போது ஈராக்கிலிருந்து வந்த படங்களில் ஒட்டுப் பலகையும் மணல் மூட்டையும் திரும்ப வந்திருந்தன. வியட்நாமிலேயே கழித்துக்கட்டிய பொருட்கள் அவை. அதே ஆண்டு லிவர்மோர் ஆய்வகம் வியட்நாம் வண்டிகளை முன்மாதிரியாக வைத்துக் கவசப் பெட்டி செய்து அனுப்பியது மட்டுமே ஆறுதல்.

ஈவுக்கு நேர்மாறான கைவேலையும் உண்டு. 2024இல் உக்ரைன் களத்தில் ரஷ்ய டாங்கிகள் தகரக் கொட்டகையைச் சுமந்து வந்தன. அவை பல ட்ரோன் அடிகளைத் தாங்கின, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோபுரம் திரும்பவில்லை, பக்கவாட்டில் பார்வை இல்லை, ஆபத்தில் வெளியேறும் வழியும் அடைபட்டது. பயத்தில் தகடு மேல் தகடு அடுக்கிய வேலையில் அளவு இருக்காது.

வியட்நாமில் ஓடிய கன் டிரக்குகளில் தாயகம் கொண்டுவரப்பட்டு மிஞ்சியிருப்பது ஈவ் ஒன்றுதான். வர்ஜீனியாவில் ஃபோர்ட் யூஸ்டிஸ் ராணுவப் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கவச வண்டி எதைப் பார்த்தாலும் தகட்டின் தடிமனைக் கடைசியில் கேளுங்கள். ஸ்பிரிங் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, உள்ளே இருப்பவனுக்கு எது தெரிகிறது, அவன் எப்படி வெளியே வருவான் என்பதை முதலில் பாருங்கள். இந்த மூன்றிலும் ஈவை மிஞ்சிய கைவேலையை நான் இன்னும் பார்க்கவில்லை.